மாத்தளையில் நான் எடுத்த பெயர்

1

சென்ற மாதம் நம் ஊர் வாசகசாலைச் செயலாளரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "தாங்கள் இலங்கையில் மாத்தளை நகரில் நெடுங்காலமாகத் தையல் தொழில் நடத்திப் பெரும் பெயர் ஈட்டியிருப்பதாக அறிந்து மகிழ்கிறோம். அப்பெயரை எவ்வாறு ஈட்டினீர்கள் என்பதை எங்கள் ஆண்டு மலருக்கு எழுதி அனுப்பினால் இளைஞர்களுக்குப் பயன்படும்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

கடிதத்தை எனக்குள் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். காலை வேளை. என் மனைவி சிவகாமி பாண் என்று இங்கே சொல்லும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவி நின்றது.

"எந்தப் பேரக் கேக்குறாங்க? நீங்களா வச்சுக்கிட்டதையா, ஊரு வச்சதையா?" என்றாள்.

மகன் நடராசன் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். அவன் காற்சட்டையின் கால் வாயில் ஒரு கோழிக்குடும்பம் ஒதுங்கலாம். தைத்துக் கொடுத்தவன் நான்தான். "ஒங்க ஊருக்காரங்களுக்கு விசயம் தெரியாது போல அப்பா. அப்பிடியே விட்டுருங்க" என்றான்.

என் பிள்ளைகள் எப்போதும் 'உங்க ஊர்' என்றுதான் சொல்வார்கள். எனக்கு மாத்தளை வந்த ஊர். அவர்களுக்கு அது பிறந்த ஊர். ஒரு முறை மகள் சந்திரா, நம் ஊரில் பேருந்திலிருந்து இறங்கி நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டாள். மூன்று மைல் என்றேன். என்னைப் பார்த்து மிகவும் பரிதாபப்பட்டாள்.

நடராசன் சொன்னபடி விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்டது இதுவே முதல் தடவை. ஆகவே உண்மையை எழுதுகிறேன். இளைஞர்களுக்குப் பயன்படுமா என்பது செயலாளர் பாடு.

2

இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு வயது பதினேழு. திருகோணமலை வீதியில் தையற்கடை வைத்திருந்த தாய்மாமா என்னை அழைத்துக்கொண்டார். அதே கப்பலில் பக்கத்து ஊர்ச் சுப்பையாவும் வந்தான். என் வயதுதான். அவன் ஒரு பலசரக்குக் கடையில் நிறுக்கும் வேலைக்குப் போனான். நான் காஜா எடுக்கப் போனேன்.

மாமாவின் கடையில் வேலை அதிகம், கைகள் குறைவு. வந்த மறுநாளே எனக்கு மாமா சிங்களம் கற்றுக்கொடுத்தார். பாடம் ஒரே ஒரு சொல்தான்.

"யாரு வந்து என்ன கேட்டாலும் 'ஹெட்ட'ன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

'ஹெட்ட' என்றால் நாளை. சட்டை எங்கே என்று கேட்டால் ஹெட்ட. காற்சட்டை எங்கே என்றால் ஹெட்ட. நான் உண்மையாக உழைத்து அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது முறை சொன்னேன். பத்தாம் நாள் ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்று, "நம மொகக்த?" என்றார். உன் பெயர் என்ன என்று கேட்கிறார் என்பது எனக்குத் தெரியாது. "ஹெட்ட" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதற்கும் நான் 'ஹெட்ட பாஸ்' ஆகிவிட்டேன். பாஸ் என்றால் இங்கே கைத்தொழில் தெரிந்தவர். ஆக, 'நாளைக்கு மேஸ்திரி' என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது காஜா மட்டும்தான் எடுப்பேன். தொழில் வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது.

மாமா காலமான பிறகு கடை எனக்கு வந்தது. பழக்கமும் கூடவே வந்தது. ஒரு வேலையை முடியாது என்று சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில், வந்த துணியையெல்லாம் வாங்கி வைத்தேன். வாங்கி வைத்ததால் எதையும் சொன்ன நாளில் கொடுக்க முடியவில்லை. இது எனக்கு விளங்க இருபது வருடம் ஆனது.

3

சுதந்திரம் வந்த பிறகு ஊரில் புதிய கனவான்கள் தோன்றினார்கள். கோட்டும் டையும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். 'ஹெட்ட பாஸ்' என்ற பெயரை வைத்துக்கொண்டு கோட்டுத் தொழில் செய்ய முடியாது என்று முடிவு செய்தேன்.

வைரவன் என்ற என் சொந்தப் பெயரும் போதாது என்று தோன்றியது. அது ஆடு மேய்க்கிறவன் பெயர் போல இருந்தது. ஆடு மேய்த்தவன்தான் என்றாலும் அதை ஊருக்குச் சொல்ல வேண்டுமா? கே. வி. நாதன் என்று மாற்றிக்கொண்டேன். நாதன் எங்கிருந்து வந்தார் என்று கேட்காதீர்கள். ரசீதுப் புத்தகத்தில் அப்படியே அச்சடித்தேன். கோயிலுக்கு நன்கொடை கொடுக்கும்போது வைரவநாதன் என்று எழுதச் சொன்னேன், சாமிக்குக் குழப்பம் வரக்கூடாது என்று. கண்டியில் ஓர் அச்சகத்தில் சிறிய அட்டைகள் அடித்தேன். அதில் 'புரொபசர் கே. வி. நாதன், கோட் கட்டிங் நிபுணர்' என்று இருந்தது. கோட் போட்டு, டை கட்டி, உச்சி வெயிலில் கடை வாசலில் நின்று கனவான்களுக்கு அட்டை கொடுத்தேன்.

அந்தப் பக்கம் போன ஒரு காய்கறிக்காரி, "ஹெட்ட பாஸ், யாரு செத்தது?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

பிறகு சிங்களம் அரசமொழியானது. கடைப் பலகைகளையெல்லாம் மாற்றி எழுதினார்கள். இதுதான் சமயம் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. சிங்களத்தில் 'அத' என்றால் இன்று. 'அதம' என்றால் இன்றைக்கே. பலகையில் பெரிதாக 'அதம டெய்லர்ஸ்' என்று எழுதிவிட்டால் நாளைக்குப் பதில் இன்றைக்கே என்று ஊர் என்னை அழைக்கும் அல்லவா?

பலகை எழுதும் ஹனிபா நானாவிடம் சொன்னேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். அவர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

"மாஸ்டர், சிங்களத்துல 'த'வுக்கு ரெண்டு எழுத்து ஈக்கிது. ஒண்டு ஒல்லி. மத்தது வயிறு பெருத்தது. போர்டுக்கு எது போட?"

"எது மரியாதையா இருக்கும் நானா?"

"பெருத்ததுதான். தூரத்துல இருந்தே பேசும்."

பெருத்ததையே போடச் சொன்னேன். பலகை ஏறியதும் கடை முன்னால் கூட்டம் கூடத் தொடங்கியது. சிலர் வேறு தெருக்களிலிருந்து நண்பர்களை அழைத்து வந்து காட்டினார்கள். எல்லோரும் புன்னகையோடு நின்றார்கள். நானும் டையைச் சரிசெய்துகொண்டு அவர்களுக்குத் தலையசைத்தேன். பெயர் பரவுகிறது என்று சிவகாமியிடம் சொன்னேன்.

ஒன்பதாம் நாள், சிங்களப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். போகும்போது தயங்கி நின்று, மிகவும் மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார். ஒல்லி எழுத்தில் எழுதினால்தான் இன்றைக்கே. வயிறு பெருத்த எழுத்தில் எழுதினால் அது வேறு சொல். நம் தமிழிலும் அதமன் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். அதேதான். ஒன்பது நாளாக நான் 'கீழ்மகன் தையற்கடை' என்ற பலகையின் கீழே கோட்டுப் போட்டு நின்று ஊருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

ஹனிபா நானா மிகவும் வருத்தப்பட்டு ஏணியோடு வந்து அந்த எழுத்தின் வயிற்றைக் கறுப்பு மையால் அழித்தார். பலகையில் ஒரு திட்டு விழுந்தது. ஊர் பழையபடி ஹெட்ட பாஸ் என்றே கூப்பிட்டது. எனக்கும் அது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

4

இனிமேல் சொல்லப்போவது சிரிப்புக் காரியம் அல்ல, நடந்ததில் பாதி சிரிப்பாக இருந்தாலும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே சட்டம் மாறியது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டுப் பிரஜையாக வேண்டுமானால் மனுப் போட வேண்டும். இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கேயே இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். நானும் போட்டேன், சுப்பையாவும் போட்டான். போட்டதையே நாங்கள் மறந்துபோன காலத்தில் எனக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அரசாங்க அலுவலகத்தை இங்கே கச்சேரி என்பார்கள். அங்கே வரச் சொல்லியிருந்தது.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். மூக்குக் கண்ணாடி. மரியாதையாகப் பேசினார். அவர் சிங்களத்தில் கேட்டதைப் பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார். என் காகிதங்களை மேசை மேல் வரிசையாகப் பரப்பினார்.

"அரிசிக் கூப்பன் புத்தகத்தில் வைரவன். கடை ரசீதில் கே. வி. நாதன். கோயில் சீட்டில் வைரவநாதன். இந்தச் சின்ன அட்டையில் ஒரு புரொபசர் இருக்கிறார். இந்த நால்வரில் மனுப் போட்டவர் யார்?"

"நாலும் நான்தானுங்க ஐயா."

"எந்தச் சர்வகலாசாலையில் புரொபசர்?"

"கோட்டு வெட்டுறதுல ஐயா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். ஆரம்ப வருடங்களுக்கு எந்தக் காகிதமும் இல்லையே, மாமாவும் இல்லையே என்றார். அந்த நாளிலிருந்து என்னை அறிந்த, நம்பத்தக்க சாட்சியைக் கொண்டுவர ஒரு மாதம் தவணை கொடுத்தார். தவறினால் மனு தள்ளுபடி.

நம்பத்தக்க சாட்சிக்கு எனக்கென்ன குறைச்சல் என்று வெளியே வந்தேன். நேராக ஒரு வக்கீலிடம் போனேன். அவருக்கு ஆறு கோட்டுத் தைத்திருக்கிறேன். அவர் அன்பாக உட்காரவைத்து, "மிஸ்டர் நாதன், உங்களை எனக்கு எட்டு வருசமாத் தெரியும். வைரவன்னு ஒருத்தரத் தெரியாதே. தெரியாததுக்கு எப்பிடி நான் சத்தியம் பண்றது?" என்றார். துணிக்கடை முதலாளியும் ஏறக்குறைய இதையே சொன்னார். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என் அட்டையைத் தேடி எடுத்து, "நீங்க நிசமாவே புரொபசர்னு இல்ல நெனச்சேன்" என்று மனம் வருந்தினார்.

யார் யார் என்னை அறிய வேண்டும் என்று நான் பாடுபட்டேனோ, அவர்களுக்கெல்லாம் நான் இட்டுக்கட்டிய மனிதனைத்தான் தெரிந்திருந்தது. அவனுக்கு வயது எட்டு.

மூன்று வாரம் போய்விட்டது. வீட்டில் நானும் சிவகாமியும் பேசிக்கொள்வது குறைந்தது. மனு தள்ளுபடியானால் கடையை விட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போவதென்றால் எனக்குத் திரும்பிப் போவது. அவர்களுக்கு அது தெரியாத நாடு. சிவகாமி மாத்தளையில் பிறந்தவள், கடலையே பார்த்ததில்லை.

ஒரு காலையில் அவள்தான் சொன்னாள். "அந்த ஒத்தக் கை கோட்டுக்காரரப் போய்ப் பாருங்களேன்."

"அவரயா? இருக்கிற மானமும் போயிரும்."

"மானத்த மடியில கட்டிக்கிட்டுத் தலைமன்னார்ல கப்பல் ஏறலாம். பரவாயில்லயா?"

5

ஒற்றைக் கைக் கோட்டின் கதையை நான் இதுவரை எழுத்தில் வைத்ததில்லை.

இந்த நாட்டுக்கு வந்த அடுத்த வருடம். மாத்தளைக்குப் பக்கத்து இரத்தோட்டையைச் சேர்ந்த டிக்கிரி பண்டா என்பவருக்குக் கல்யாணம். கோட்டுக்கு மாமாவிடம் துணி கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து கேட்டார்கள். மாமா வெளியூர் போயிருந்தார். நான் வழக்கம் போல ஹெட்ட என்றேன். நாளைதான் கல்யாணம் என்பது எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். கோட்டின் உடம்பு ஓர் இடத்திலும் கைகள் இன்னோர் இடத்திலும் கிடப்பதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கோட்டையும் கைகளையும் என்னையும் சேர்த்து ஒரு காரில் ஏற்றினார்.

கல்யாண வீட்டின் முன்னறையில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் கையால் தைத்தேன். இடது கையைப் பொருத்தி முடித்தபோது சுபநேரம் வந்துவிட்டது. சுபநேரம் தையற்காரனுக்காகக் காத்திருக்காது. மாப்பிள்ளை ஒரு கை உள்ள கோட்டோடு மணவறை ஏறினார். சடங்கு முடிந்ததும் படம் பிடிக்க நின்றார்கள். அதற்குள்ளாவது வலது கையை வைத்துவிடலாம் என்று ஊசியோடு ஓடினேன். படக்காரர் விலகச் சொன்னார். விலகுவதற்குள் பிடித்துவிட்டார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கையில் இருந்த கோட்டுக் கையோடு பின்பக்க மிளகுத் தோட்டம் வழியாக ஓடினேன். மாத்தளை வந்த பிறகுதான் அது என் கையில் இருப்பதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இருபது வருடம் இரத்தோட்டை பஸ் நிற்கும் பக்கமே நான் போனதில்லை.

இப்போது போனேன். டிக்கிரி பண்டா அந்தப் பக்கத்தில் கிராமத் தலைவராக, எல்லோரும் ஆராச்சி என்று மதிக்கும் மனிதராக இருந்தார். டையை பஸ்ஸிலேயே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வாசலில் கொக்கோக் காய் உடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்.

"இங்க வாங்க. ஹெட்ட பாஸ் வந்திருக்காரு."

ஆராச்சி வெளியே வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துவந்த சிங்கள மன்னிப்பு முழுவதும் மறந்துபோனது.

"மத்தக் கை எங்க?" என்று கேட்டார்.

அது எப்போதோ தொலைந்துவிட்டது என்று கையை விரித்தேன். அம்மாள்தான் உள்ளே வரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். கூடத்துச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தேன். மாப்பிள்ளை முறைத்துக்கொண்டு நிற்கிறார். இடது பக்கம் கறுப்புக் கோட்டுக் கை, வலது பக்கம் வெள்ளைச் சட்டைக் கை. மணப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தலை குனிந்திருக்கிறார். ஓரத்தில், கழுத்தில் அளவுநாடா தொங்க, ஒரு கையில் கோட்டுக் கையைப் பிடித்தபடி வாய் பிளந்து நிற்கிறான் ஒரு பையன். நான்தான்.

"ஊர்ல எல்லாக் கல்யாணப் படத்திலயும் பொம்பளைங்க பயந்து போய் நிப்பாங்க. எங்க படத்திலதான் நான் சிரிக்கிறேன்" என்றார் அம்மாள். "வீட்டுக்கு யாரு வந்தாலும் இந்தக் கதைதான் மொதல்ல சொல்லுவோம்."

வந்த காரியத்தைச் சொன்னேன். கச்சேரி, நாலு பெயர், தவணை, பிள்ளைகள், எல்லாம். ஆராச்சி படத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்தார். கிராம்பு மணத்தோடு கோட்டு வெளியே வந்தது. ஒரு கையோடுதான்.

"மொதல்ல இத முடிங்க. அப்புறம் கச்சேரிக்கு வாறேன்."

அதற்கு ஒத்த துணி அங்கே கிடைக்கவில்லை. அம்மாள் ஒரு பழைய கறுப்புக் குடைச் சீலையைக் கொடுத்தார். அதில் வெட்டி, அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அன்றைக்கே வலது கையை வைத்து முடித்தேன். ஆராச்சி போட்டுப் பார்த்தார். வயிறு விழுந்துவிட்டதால் பொத்தான் எட்டவில்லை. ஆனால் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்து, "சரி" என்றார்.

6

தவணை நாளில் ஆராச்சியும் அம்மாளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆராச்சி அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே கல்யாணப் பதிவுச் சீட்டும்.

அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். படம் பிடித்த கடையின் முத்திரையும் நாளும் இருந்தன. பதிவுச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார்.

"ஓரத்தில் நிற்கும் இந்தப் பையன் யார்?"

"இந்தா நிக்கிறாரே, இவருதான்" என்றார் ஆராச்சி.

"இவர் பெயர் என்ன?"

"ஹெட்ட பாஸ்."

"உண்மையான பெயர்?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. இவரு இந்த ஊர விட்டு எங்கயும் போகல. போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு வருசமும் மாத்தளைக்கு வந்து கடை வாசல்ல நின்னு, இருக்காரான்னு பாத்துட்டுத்தான் போவேன். ஒரு நாளைக்குக் கையக் கேக்கணும்னு."

இது எனக்கு அன்றுதான் தெரியும். அவர் வீதியில் எதிர்ப்பக்கம் நின்று என்னைப் பார்த்திருக்கிறார். நான் கோட்டுப் போட்டு அட்டை கொடுத்ததையும் பார்த்திருக்கிறார், பலகையையும் படித்திருக்கிறார். பாவம் என்று விட்டுவிட்டாராம்.

அதிகாரி குனிந்து எழுதினார். அவருடைய தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அவர் பதவிக்கு அது அழகில்லை.

சில மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. அதில் என் பெயர் 'ஹெட்ட பாஸ் என்கிற கருப்பையா வைரவன்' என்று இருக்கிறது. நாதனும் புரொபசரும் இல்லை. சிவகாமி அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டாள். நான் கடைக்குப் போய் மிச்சமிருந்த அட்டைகளையெல்லாம் எடுத்து, பொத்தான் கோத்து வைக்கப் பயன்படுத்திக்கொண்டேன். இன்றுவரை தீரவில்லை.

7

இங்கே முடித்திருந்தால் நல்ல கட்டுரை. ஆனால் சுப்பையாவின் விசாரணை எனக்குப் பிறகு வந்தது.

சுப்பையாவைப் போல நல்ல பெயர் எடுத்தவன் மாத்தளையில் இல்லை. நிறுவையில் ஒரு மிளகு குறைந்ததில்லை. குரல் உயர்த்திப் பேசியதில்லை. எங்கேயும் பிந்திப் போனதில்லை. காகிதங்களில் எல்லாம் ஒரே பெயர். ஆனால் அவன் வேலை பார்த்த கடையின் முதலாளி கணக்குகளைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விட்டார். இடையில் இரண்டு வருடத்துக்குக் காகிதம் இல்லை. அந்த இரண்டு வருடமும் அவன் இங்கே இருந்தான் என்று சொல்ல ஆள் வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். நான் இப்போது சான்றிதழ் உள்ளவன் அல்லவா.

வேறொரு அதிகாரி விசாரித்தார்.

"இவரைப் பற்றி என்ன தெரியும்?"

"தங்கமான மனுசனுங்க. ஒரு கொறையும் சொல்ல முடியாது."

"அது சரி. அந்த வருடங்களில் இவரை நீங்கள் பார்த்த ஒரு சம்பவம் சொல்லுங்கள். சண்டை, விசேஷம், ஏதாவது."

நான் யோசித்தேன். சுப்பையாவை நினைத்தால் தராசுக்குப் பின்னால் நிற்கும் சுப்பையா மட்டுமே வந்தான். எந்த வருடத்துச் சுப்பையா என்று பிரிக்க முடியவில்லை. அவன் யாரோடும் சண்டை போட்டதில்லை. எதையும் கெடுத்ததில்லை. அதிகாரி என் பழைய மனுவோடு இருந்த என் கல்யாணப் பதிவைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்கள் கல்யாணம் அந்த வருடத்தில்தான். வந்தாரா?"

"வந்திருப்பாருங்க."

"வந்தாரா, வந்திருப்பாரா?"

நான் சத்தியம் செய்திருந்தேன். எனக்கு ஞாபகம் இல்லை. "நிச்சயமாச் சொல்ல முடியலீங்க" என்றேன்.

வெளியே வந்ததும் சுப்பையா என் தோளைத் தொட்டான். கோபம் இல்லை. "வந்தேன் வைரவா. ஒன் கல்யாணத்துல பந்தியில சோறு பரிமாறினதே நான்தான்" என்றான். பிறகு, "அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருப்பாங்க" என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். பதிவாகிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது சிவகாமி தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தெனம் நூறு பேருகிட்டப் பொய் சொல்ற வாயி. இன்னிக்கு ஒண்ணு சொன்னா என்ன?" என்றாள்.

மனு தள்ளுபடியானது. இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்த பிறகு சுப்பையாவை இந்தியப் பிரஜையாகச் சேர்த்து, அங்கே போகச் சொன்னார்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு கடைக்கு வந்தான்.

"வைரவா, பயணத்துக்கு ஒரு சட்ட வேணும். அவசரமில்ல. கெடச்சா போதும்."

அவனை உட்காரவைத்தேன். கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அப்போதே அளவெடுத்து வெட்டினேன். வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பொத்தான் வைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தேன். அவன் சட்டையின் இரண்டு கையையும் தடவிப் பார்த்தான். சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அல்லது பார்த்து மறந்திருப்பேன்.

மாத்தளை ரயில் நிலையத்துக்கு நானும் சிவகாமியும் போனோம். வேறு யாரும் வரவில்லை. யாரிடமும் சொல்லித் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று அவன் நினைத்திருப்பான். மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டு, அந்தப் புதுச் சட்டையோடு ஜன்னலில் உட்கார்ந்தான். வண்டி அசைந்ததும் கையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போயிட்டு வாறேன் வைரவா."

வண்டி வளைவில் மறையும் வரை நின்றோம். வாசலில் சுமை தூக்குகிறவர் என்னைப் பார்த்து, "என்ன ஹெட்ட பாஸ், யாரு பயணம்?" என்று கேட்டார். சொன்னேன். எந்தச் சுப்பையா என்று கேட்டார்.

கடைக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது. சிவகாமி என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பிள்ளைகளுக்கு நான் அப்பா. ஊருக்கு நான் ஹெட்ட பாஸ். வைரவன் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் சுப்பையா ஒருவன்தான்.